எம்.எஸ்ஸி. எதற்கான பட்டம்? மைசூரு தரும் நான்கு விடைகள்

மைசூரு நகரின் மேற்குப் பக்கத்தில், சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள், எம்.எஸ்ஸி. என்ற ஒரே பெயரில் நான்கு விதமான படிப்புகள் நடக்கின்றன. மானசகங்கோத்ரி வளாகத்தில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல், வேதியியல், விலங்கியல் முதலான துறைகள் வழக்கமான ஈராண்டு எம்.எஸ்ஸி.யை நடத்துகின்றன. அந்த வளாகத்தை ஒட்டி மண்டலக் கல்வியியல் நிறுவனம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து அங்கே நுழைபவர் ஆறு ஆண்டுகள் கழித்து எம்.எஸ்ஸி.எட். பட்டத்தோடு ஆசிரியராக வெளியே வருகிறார். பக்கத்திலேயே அனைத்திந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம். அங்கே எம்.எஸ்ஸி. முடிப்பவர் காது கேளாத குழந்தையின் எதிரே அமர்ந்து, அதற்கு எந்த ஒலி கேட்கிறது, எது கேட்கவில்லை என்று கண்டறியும் பொறுப்பை ஏற்கிறார். இன்னும் சற்றுத் தள்ளி, அரச குடும்பத்து இளவரசிக்காகக் கட்டிய செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம். ஊர்க்காரர்களுக்கு அது சி.எஃப்.டி.ஆர்.ஐ. அங்கே எம்.எஸ்ஸி. பெறுபவரை உணவு ஆலைகள் எதிர்பார்த்திருக்கின்றன.

"எம்.எஸ்ஸி. முடிச்சு என்ன பண்ணப் போற?" என்று நம் வீடுகளில் கேட்காதவர்கள் குறைவு. பொறியியலும் மருத்துவமும் சட்டமும் படிக்கும்போதே ஒரு தொழிலின் பெயரைச் சுமந்திருக்கின்றன. எம்.எஸ்ஸி. அப்படி எதையும் சுமப்பதில்லை. அதனால்தான் அது பலருக்கு, வேறு எதுவும் கிடைக்காதபோது எடுத்துக்கொள்ளும் படிப்பாகத் தெரிகிறது. அந்தப் பார்வையை நான் ஏற்கவில்லை. இந்தப் பட்டத்துக்கென்று தெளிவான பொருள் ஒன்று இருந்தது, இன்னும் இருக்க முடியும். ஆசிரியருக்கும் விடை தெரியாத ஒரு கேள்வியோடு மாணவர் முதன்முறையாகச் சில மாதங்கள் போராடும் இடம் அது. அந்தப் போராட்டம் நடந்திருந்தால் பட்டத்துக்குப் பொருள் உண்டு. நடக்கவில்லை என்றால் மதிப்பெண் பட்டியல் மட்டுமே மிஞ்சும். மைசூரின் அறுபது ஆண்டு வரலாறு இதற்குப் போதிய சான்றுகளைத் தருகிறது. ஆனால் அதற்குச் சற்று முன்னிருந்து தொடங்க வேண்டும்.

இந்தியாவில் முதுநிலை அறிவியல் பட்டத்துக்கு ஒரு காலத்தில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, வகுப்பில் உட்கார்ந்து படித்துத் தேர்வெழுதுவது. மற்றொன்று, ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்து, அதை ஆய்வேடாக எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது. பெங்களூரில் இருக்கும் இந்திய அறிவியல் கழகம் 1958-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆகும் வரை பட்டம் வழங்கவில்லை. ஆகவே அங்கே உழைத்த இளைஞர்கள் தங்கள் ஆய்வேட்டைச் சென்னைக்கோ பம்பாய்க்கோ அனுப்பிப் பட்டம் வாங்கினார்கள். புரத மூலக்கூறுகளின் வடிவத்தை விளக்கி உலகப் புகழ்பெற்ற ஜி.என். ராமச்சந்திரன் முதுநிலைப் பட்டம் பெற்றது அப்படித்தான். வேலை பெங்களூரில், பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்தில்.

கமலா சோஹோனியின் கதை இதைவிட அழுத்தமானது. 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்ஸி. தேர்வில் முதலிடம் பெற்று, பெங்களூரில் ஆய்வு செய்ய விண்ணப்பித்தார். அப்போது இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்தவர் சி.வி. ராமன். பெண் என்ற ஒரே காரணத்துக்காக இடம் மறுக்கப்பட்டது. கமலா விடவில்லை, வாதாடினார். முதல் ஓராண்டு சோதனைக் காலம், அதன் பிறகே முறையான சேர்க்கை என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. அங்கே பணியாற்றிய ஸ்ரீனிவாசய்யாவின் வழிகாட்டுதலில் பாலிலும் பருப்பு வகைகளிலும் உள்ள புரதங்களை ஆராய்ந்தார். 1936-இல் அந்த வேலைக்காகப் பம்பாய்ப் பல்கலைக்கழகம் அவருக்கு எம்.எஸ்ஸி. வழங்கியது. மூன்றாண்டுக்குப் பின் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டமும் பெற்றார். அவருக்கு எம்.எஸ்ஸி. என்பது, பருப்பில் இருக்கும் புரதம் எத்தகையது என்று அதுவரை யாரும் முழுதாகச் சொல்லாத ஒன்றைச் சொன்னதற்கான அடையாளம். நம் வீட்டுச் சமையலறைக்கு இவ்வளவு அருகில் இருந்த கேள்வி அறிவியல் பட்டத்துக்கு உரியதாக இருந்ததும் கவனிக்க வேண்டியதே.

அந்த ராமனோ முனைவர் பட்டத்துக்குப் படித்தவர் அல்லர். சென்னை மாநிலக் கல்லூரியில் 1907-இல் எம்.ஏ. முடித்தார். இயற்பியலுக்கும் அன்று எம்.ஏ. பட்டமே. முடிப்பதற்கு முன்பே, 1906-இல், செவ்வக வடிவத் திறப்பின் வழியே செல்லும் ஒளியின் விளிம்பு விளைவைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை லண்டனின் 'ஃபிலசாஃபிகல் மேகசின்' இதழில் வெளிவந்துவிட்டது. படிப்பை முடித்ததும் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா போனார். அந்த உத்தியோகத்தோடு அறிவியல் முடிந்திருக்கலாம். முடியாததற்குக் காரணம், மாணவப் பருவத்திலேயே தானாக ஒரு கேள்வியைப் பிடித்துக் கடைசிவரை கொண்டுபோன பழக்கம் என்றே நினைக்கிறேன். அலுவலகம் முடிந்த மாலைகளிலும் அதிகாலைகளிலும் கல்கத்தாவின் அறிவியல் வளர்ச்சிக் கழகத்து ஆய்வுக்கூடத்துக்கு அவரை இழுத்துக்கொண்டு போனது அந்தப் பழக்கம்தான்.

இனி மைசூருக்கு வரலாம். மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916 ஜூலை 27 அன்று தொடங்கியது. நேரடி பிரிட்டிஷ் ஆட்சிக்கு வெளியே, ஒரு சமஸ்தானம் தன் செலவில் எழுப்பிய பல்கலைக்கழகம் அது. ஆனால் அதன் அறிவியல் மைசூரில் இல்லை. கலைப்பாடங்களுக்கு மைசூரின் மகாராஜா கல்லூரி, அறிவியலுக்குப் பெங்களூரின் சென்ட்ரல் கல்லூரி என்று பிரித்துவைத்திருந்தார்கள். வேதியியலறிஞர் சி.என்.ஆர். ராவ் 1951-இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டத்தை வாங்கியது பெங்களூரில் படித்துத்தான். எம்.எஸ்ஸி.க்கு அவர் காசிக்குப் போய்விட்டார். பட்டமேற்படிப்புக்கென்றே மைசூரில் ஒரு பெரிய வளாகம் 1960-இல்தான் உருவானது. கவிஞர் குவெம்பு துணைவேந்தராக இருந்தபோது திட்டமிட்டு, அவரே மானசகங்கோத்ரி என்று பெயரிட்டார்.

புதிய வளாகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக 1961-இல் வந்தவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர். விண்மீன்களை ஆராய்ந்து நோபல் பெற்ற சந்திரசேகரோடு இவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் இருவரும் ஒரே குடும்பத்தின் கிளைகளைச் சேர்ந்தவர்கள். இவர் ராமனின் சகோதரி மகன். நாக்பூரில் 1951-இல் எம்.எஸ்ஸி. முடித்து, பெங்களூரில் மாமாவின் ஆய்வு நிறுவனத்தில் படிகங்களின் ஒளியியலில் வேலை செய்து, பின் கேம்பிரிட்ஜ் போய்த் திரும்பியவர். மைசூருக்கு வந்தபோது வயது முப்பத்தொன்று. இணைப் பேராசிரியர் நிலையில் அவரோடு சேர்ந்தவர் தம்பி பஞ்சரத்னம், அவருக்கு இருபத்தேழு.

பஞ்சரத்னத்தைப் பற்றித் தமிழ் வாசகர்கள் அதிகம் அறிந்திருக்க வாய்ப்பில்லை. 1956-இல், இருபத்திரண்டு வயதில், முனைவாக்கப்பட்ட ஒளிக்கற்றைகள் ஒன்றோடொன்று குறுக்கிடும் விதத்தைப் பற்றி இந்திய அறிவியல் அகாதெமியின் இதழில் கட்டுரை எழுதினார். ஒளியின் முனைவாக்க நிலையைப் படிப்படியாக மாற்றி, ஒரு சுற்றுச் சுற்றிப் பழைய நிலைக்கே கொண்டுவந்தால், அதன் அலை பழைய கட்டத்துக்கு (phase) அப்படியே திரும்புவதில்லை. போன பாதையின் வடிவத்தைப் பொறுத்து ஒரு கட்ட வேறுபாடு ஒட்டிக்கொண்டே வருகிறது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, குவாண்டம் இயக்கவியலில் மைக்கேல் பெர்ரி கண்ட வடிவியல் கட்டத்தின் முன்னோடி இதுவே என்று உலகம் ஒப்புக்கொண்டது. இப்போது அது பஞ்சரத்னம் கட்டம் என்ற பெயரில் பாடநூல்களில் இருக்கிறது. அவர் 1964-இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார். 1969-இல், முப்பத்தைந்து வயதில், அங்கேயே காலமானார். மைசூரில் இருந்த மூன்று ஆண்டுகளில் அவர் எதிரே உட்கார்ந்தவர்கள் எம்.எஸ்ஸி. மாணவர்கள். ஒளியியல் பாடத்தை, ஒளியியலில் புதிதாக ஒன்றைக் கண்டறிந்தவர் வாயாலேயே கேட்கும் வாய்ப்பு ஒரு மாநிலப் பல்கலைக்கழக மாணவருக்கு அன்று இருந்தது.

சந்திரசேகர் பத்தாண்டுகள் மைசூரில் இருந்தார். அந்தக் காலத்தில்தான் அவர் கவனம் திரவப் படிகங்கள் பக்கம் திரும்பியது. திரவம் போல ஓடும், ஆனால் உள்ளே மூலக்கூறுகள் படிகத்தைப் போல ஓர் ஒழுங்கில் சாய்ந்திருக்கும் பொருள்கள் அவை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தாலும், வேதியியலின் ஓர் ஓரத்தில் அவை கிடந்தன. 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் அவற்றைக் கொண்டு காட்சித்திரை செய்யலாம் என்று காட்டியது. இன்று நம் கைக்கடிகாரத்திலும் கணினியிலும் இருக்கும் எல்.சி.டி. அதிலிருந்து வந்ததே. உலகம் அந்தத் துறையை மறுபடி திரும்பிப் பார்த்த அதே நேரத்தில் மைசூரிலும் அது தொடங்கியிருந்தது. மைசூரில் எம்.எஸ்ஸி. படித்த என்.வி. மதுசூதனா அவருடைய ஆய்வு மாணவராகி, மூலக்கூறுகளின் விசைகளிலிருந்து இந்த ஒழுங்கு எப்படிப் பிறக்கிறது என்ற கோட்பாட்டை அவரோடு சேர்ந்து உருவாக்கினார். பிற்பாடு அத்துறையில் உலகறிந்த பெயராக வளர்ந்தார்.

மதுசூதனா போன்ற ஒருவர் உருவாவதற்கு எதெல்லாம் தேவைப்பட்டது என்று யோசிக்கிறேன். மேதை ஒருவர் ஊருக்கு வந்தது ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம், அந்த மேதை எம்.எஸ்ஸி. வகுப்புக்கும் வந்தது. காலையில் கரும்பலகையில் எழுதுபவரே மாலையில் அடுத்த அறையில் எக்ஸ்ரே கருவியோடு மல்லுக்கட்டினால், பாடம் எங்கே முடிகிறது, தெரியாதது எங்கே தொடங்குகிறது என்பது மாணவர் கண்ணுக்குத் தெரியும். எம்.எஸ்ஸி.யின் பொருள் பிறப்பது அந்த எல்லையில்தான்.

1970 நவம்பரில் ராமன் மறைந்தார். அடுத்த ஆண்டு சந்திரசேகர் பெங்களூரில் ராமன் ஆய்வு நிறுவனத்துக்குச் சென்றார். அங்கே 1977-இல் பி.கே. சதாசிவா, கே.ஏ. சுரேஷ் இருவரோடும் சேர்ந்து ஒரு பெரிய கண்டுபிடிப்பை 'பிரமாணா' இதழில் வெளியிட்டார். அதுவரை திரவப் படிகம் என்றால் குச்சி வடிவ மூலக்கூறுகள்தான். வட்டத்தட்டு வடிவ மூலக்கூறுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூண்களாக நின்று திரவப் படிகம் ஆகும் என்று அவர்கள் காட்டினார்கள். எல்.சி.டி. திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் படம் தெளிவாகத் தெரிவதற்கான மெல்லிய படலங்கள் பின்னர் இத்தகைய மூலக்கூறுகளைக் கொண்டு செய்யப்பட்டன.

அவர் போனதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கருவிகளும் பணமும் நேரமும் அங்கே இருந்தன. ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தில் முளைத்த ஆய்வுப் பள்ளி, முதுநிலை வகுப்புகளே நடக்காத ஒரு நிறுவனத்தில் போய்க் கனிந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இது மைசூருக்கு மட்டும் நேர்ந்ததன்று. சி.எஸ்.ஐ.ஆர். 1942-இலும், டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் 1945-இலும், அணுசக்தித் துறை 1954-இலும் பிறந்தன. நாட்டின் சிறந்த கருவிகளும் ஆட்களும் மெல்ல மெல்ல இத்தகைய நிறுவனங்களுக்குப் போய்ச் சேர, எம்.எஸ்ஸி. மாணவர்கள் பல்கலைக்கழகங்களிலேயே இருந்தார்கள். பட்டத்தின் பொருள் வடியத் தொடங்கியது இந்தப் பிரிவில்தான் என்பது என் துணிபு. 2006-இல் புனேயிலும் கொல்கத்தாவிலும் ஐசர் எனப்படும் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனங்களைத் தொடங்கியபோது, ஆய்வாளர்களையும் இளம் மாணவர்களையும் மறுபடி ஒரே கூரையின் கீழ் கொண்டுவருவதே நோக்கமாக இருந்தது. நல்ல முயற்சி. ஆனால் அங்கே இடம் கிடைப்பவர்கள் மிகக் குறைவு. அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. முடித்து, மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு எம்.எஸ்ஸி. படிக்க வரும் பெரும்பான்மையினரின் நிலை அதனால் மாறவில்லை.

மானசகங்கோத்ரியில் ஆய்வு தொடர்ந்து நிலைத்த இடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். எம்.ஆர். ராஜசேகரஷெட்டி உருவாக்கிய விலங்கியல் துறை, பழ ஈக்களை வைத்து மரபியல் ஆய்வை வளர்த்தது. வாழைப்பழத் தோலைச் சுற்றிப் பறக்கும் அந்தச் சிறு ஈக்களின் பல இனங்களைச் சேகரித்து, வகைவகையாக உயிரோடு காத்துவரும் ஈ வங்கி ஒன்றும் அங்கே உண்டு. ரவை, வெல்லம், அகர், பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் புரோபியோனிக் அமிலம் ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சிய கூழ்தான் ஈக்களின் உணவு. குப்பியில் கூழ் காய்வதற்குள் ஈக்களைப் புதுக் குப்பிக்கு மாற்ற வேண்டும். தவறினால் ஓர் இனமே போய்விடும்.

இந்தத் துறையில் எச்.ஏ. ரங்கநாத், என்.பி. ராமச்சந்திரா ஆகியோர் செய்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. நசூட்டா என்ற ஈயின் உடல் செல்களில் குரோமோசோம்கள் எட்டு. அதன் மிக நெருங்கிய உறவான ஆல்போமிகன்ஸ் ஈக்கு ஆறு. இரண்டையும் கலந்தால் பிறக்கும் சந்ததிகள் மலடாவதில்லை, மேலும் பெருகுகின்றன. அவற்றை ஆய்வுக்கூடத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்த்துவந்தபோது, பெற்றோர் இரண்டையும் போலல்லாத, ஆனால் நிலைத்துநிற்கும் புதிய குரோமோசோம் அமைப்புகள் கொண்ட ஈக்குலங்கள் தோன்றின. சைட்டோரேஸ் என்று அவற்றுக்குப் பெயர். 1980-களில் தொடங்கிய அந்தக் குலங்கள் நூற்றுக்கணக்கான தலைமுறைகளைத் தாண்டின. பரிணாமம் என்பது கடந்த காலத்தில் நடந்து முடிந்த ஒன்று என்றே நாம் பள்ளியில் படிக்கிறோம். அதன் ஒரு கட்டத்தை மைசூரில் குப்பிக்குள் வைத்துக் கண்ணெதிரே பார்க்க முடிந்தது.

இப்படிப்பட்ட வேலையில் எம்.எஸ்ஸி. மாணவருக்கு இயல்பாகவே இடம் இருக்கிறது. ஈயின் ஒரு தலைமுறை சில வாரங்கள்தான். ஒரு செமஸ்டருக்குள் பல தலைமுறைகளைப் பார்த்துவிடலாம். விலை உயர்ந்த கருவி தேவையில்லை, நல்ல நுண்ணோக்கியும் பொறுமையும் போதும். கேள்வி மட்டும் பெரியது, தனக்கு முன் வந்தவர்களிடமிருந்து கைமாறி வருவது, தனக்குப் பின்னும் தொடர்வது. வசதி குறைந்த துறை என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

சி.எஃப்.டி.ஆர்.ஐ. இதற்கு எதிர்த்திசையிலிருந்து வந்தது. அது பல்கலைக்கழகமாகப் பிறக்கவில்லை. 1950 அக்டோபரில் தேசிய ஆய்வுக்கூடமாகத் திறக்கப்பட்டது. முதல் இயக்குநர் வி. சுப்ரமணியன், பெங்களூரில் உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்தவர். பஞ்சத்தின் நினைவு ஆறாத நாட்டில் உணவை எப்படிக் கெடாமல் காப்பது, மலிவான பொருளிலிருந்து சத்தை எப்படி எடுப்பது என்பவை அவர் முன் இருந்த கேள்விகள். உதாரணத்துக்குக் குழந்தை உணவு. எருமைப்பாலில் கொழுப்பு அதிகம். அதன் தயிர்க்கட்டி கெட்டியானது, கைக்குழந்தையின் வயிற்றுக்கு ஒவ்வாது. வெளிநாட்டுக் குழந்தை உணவோ பசும்பாலை அடிப்படையாகக் கொண்டது. எருமைப்பாலைக் குழந்தைக்கு ஏற்றதாக மாற்றும் முறையை மைசூரில் கண்டறிந்தார்கள். ஆனந்தில் அமுல் அதைத் தயாரித்து விற்றது.

1964-இல் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்போடு சேர்ந்து அங்கே பன்னாட்டு உணவுத் தொழில்நுட்பப் பயிற்சி மையம் தொடங்கியது. உணவுத் தொழில்நுட்ப எம்.எஸ்ஸி.யும் அங்கே வேர்விட்டது. பல்லாண்டுகள் அந்தப் பட்டத்தை வழங்கியது மைசூர்ப் பல்கலைக்கழகம். ஆய்வுக்கூடத்தையும் வகுப்பையும் பிரித்து வைத்திருந்த நாட்டில், ஆய்வுக்கூடம் தானே வகுப்பைத் திறந்ததற்கு இது முக்கியமான முன்மாதிரி. சோதனைக் குழாயில் வெற்றி பெற்றது மாதிரி ஆலையில் ஏன் தோற்கிறது என்று மாணவர் அங்கே நேரில் பார்க்கிறார். சுப்ரமணியன் ஓய்வுக்குப் பிறகு டெல்டாவுக்கு வந்து, ஈரநெல்லைக் காப்பாற்றும் வழிகளைத் தேடும் நெல் பதன ஆய்வு மையத்தைத் திருவாரூரில் உருவாக்கினார். இன்று தஞ்சாவூரில் இருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தின் வேர் அதுதான். அறுவடை நேரத்து மழையில் நெல் முளைத்துப்போவதைப் பார்த்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு, இந்தத் துறையின் பட்டம் எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை.

பேச்சு, செவித்திறன் நிறுவனத்தின் எம்.எஸ்ஸி. மற்றவற்றிலிருந்து வேறுபடுவது பொறுப்பில். அங்கே பட்டம் பெற்றவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு மனிதருக்குச் சிகிச்சை தருகிறார். படிக்கும்போதே காலையில் நோயாளிகள், பிற்பகலில் பாடம் என்று நாள் ஓடுகிறது. அந்த மாணவரிடம் போய், இந்தப் பட்டத்துக்கு என்ன பொருள் என்று கேட்க யாருக்கும் தோன்றாது.

மண்டலக் கல்வியியல் நிறுவனம் 1963-இல் தொடங்கியது. என்.சி.இ.ஆர்.டி.யின் கீழ் அஜ்மீர், போபால், புவனேஸ்வர், மைசூர் என நான்கு ஊர்களில் எழுந்தவற்றுள் ஒன்று. தமிழ்நாடு, புதுச்சேரி உட்பட தென்னகம் முழுவதற்கும் அதுவே மையம் என்பதால் தமிழ் மாணவர்கள் அங்கே எப்போதும் உண்டு. இயற்பியலோ வேதியியலோ கணிதமோ முதுநிலை வரை படிக்கும்போதே கற்பிக்கவும் பழகுவது அதன் திட்டம். நம் ஊரில் பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி., பிறகு தனியாக பி.எட்., பிறகு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) தேர்வு என்று துண்டு துண்டாக நடப்பது அங்கே ஒரே ஓடையாக நடக்கிறது. மேல்நிலைப் பள்ளிக்கு முதுகலை ஆசிரியர் வேண்டும் என்று தமிழ்நாடு விதி வைத்திருப்பது நல்லதுதான். ஆனால் அந்த விதியின் பயன், அவருடைய எம்.எஸ்ஸி. எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது. தன் கையால் ஒரு சோதனை செய்து, வராத விடைக்காகக் காத்திருந்து, அளவீட்டில் எங்கே பிழை என்று தேடிய ஒருவர் பதினோராம் வகுப்பில் பாடம் நடத்தும் விதம் வேறு. பிள்ளை "ஏன் சார் அப்படி?" என்று கேட்டால் அவருக்குக் கோபம் வராது.

இனி இன்றைய நிலை. கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக முதுநிலையில் 55 விழுக்காடு, அதன்மேல் நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சி. 1989-இல் தொடங்கிய நெட், மதிப்பெண்ணைத் தாராளமாக வழங்கிய பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஒரு பொது அளவுகோலாக வந்தது. தேவை இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் நிழல் எம்.எஸ்ஸி. வகுப்பறை முழுவதும் விழுந்துவிட்டது. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் திறமைக்கும், சரியான கேள்வியைக் கண்டுபிடிக்கும் திறமைக்கும் உள்ள தூரம் அதிகம். இரண்டாம் ஆண்டில் ப்ராஜெக்டுக்கு ஒதுக்கிய மாதங்களைப் பல மாணவர்கள் நெட் பயிற்சிக்குச் செலவிடுகிறார்கள். பணம் கொடுத்தால் ப்ராஜெக்டை முடித்து, பைண்டு செய்து கையில் கொடுக்கும் தனியார் கூடங்கள் பெருநகரங்களில் இருக்கின்றன. இதற்கு மாணவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. நிரந்தர ஆசிரியர் பணியிடங்கள் காலியாகக் கிடக்க, கௌரவ விரிவுரையாளர்கள் குறைந்த சம்பளத்தில் ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்புக்குக் காத்திருக்கும் துறையில், பல ஆண்டு நீளும் கேள்வியை யார் தாங்கிப் பிடிப்பது?

இந்தப் பட்டத்தை நம்பி வருபவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். உயர்கல்வி குறித்த அனைத்திந்திய ஆய்வின் 2021-22 அறிக்கைப்படி, இளநிலை முதல் முனைவர் பட்டம் வரை அறிவியல் பிரிவில் இருந்தவர்கள் 57.2 லட்சம் பேர். அவர்களில் பெண்கள் 29.8 லட்சம், ஆண்களைவிட அதிகம். கமலா சோஹோனிக்கு இடம் மறுத்த நாட்டில் இது பெரிய மாற்றம். பொறியியல் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவர்கள், திருமணப் பேச்சு தொடங்குவதற்குள் இன்னும் இரண்டு ஆண்டு படித்துவிட வேண்டும் என்று போராடி விடுதிக்கு வரும் பெண்கள் ஆகியோரின் படிப்பு எம்.எஸ்ஸி. அதை வெறும் சான்றிதழாக விட்டுவிட்டால் இழப்பு முதலில் இவர்களுக்குத்தான். ஆராய்ச்சியின் வாசலை வேறு எங்கும் அவர்கள் பார்க்கப் போவதில்லை.

இந்த நேரத்தில் சட்டகமும் ஆடிக்கொண்டிருக்கிறது. புதிய தேசியக் கல்விக் கொள்கையின்படி கர்நாடகம் 2021-இல் நான்காண்டு இளநிலைப் பட்டத்தைக் கொண்டுவந்தது. நான்காம் ஆண்டில் ஆய்வு, அதன்பின் ஓராண்டு எம்.எஸ்ஸி. என்பது திட்டம். 2022-இல் யு.ஜி.சி. வெளியிட்ட விதிகள், நான்காண்டுப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர் எம்.எஸ்ஸி. இல்லாமலேயே முனைவர் பட்டத்துக்குச் சேரலாம் என்றன, எம்.ஃபில். படிப்பையும் முடிவுக்குக் கொண்டுவந்தன. பிறகு கர்நாடகத்தில் ஆட்சி மாறியது. சுகதேவ் தோரட் தலைமையில் மாநிலக் கல்விக் கொள்கைக் குழு அமைந்தது. 2024-25 முதல் பட்டப்படிப்பு மறுபடி மூன்றாண்டு ஆனது. மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு திருப்பங்கள்.

மூன்றாண்டுக்குத் திரும்பியதை நான் வரவேற்கிறேன். நான்காம் ஆண்டு ஆய்வை நடத்தும் கூடமும் ஆசிரியரும் மைசூரு மாவட்டத்தின் தாலுகாக் கல்லூரிகளில் பெரும்பாலும் இல்லை. இல்லாத இடத்தில் ஆய்வு என்று பெயரிட்டால், கடையில் வாங்கிய ப்ராஜெக்ட் இளநிலைக்கும் இறங்கிவரும். ஆனால் இந்த முடிவோடு ஒரு கடமையும் சேர்ந்து வருகிறது. மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ஆய்வைத் தொடும் ஒரே இடம் மறுபடியும் ஈராண்டு எம்.எஸ்ஸி.தான். அந்த இரண்டு ஆண்டுகளின் கடைசிப் பகுதியைப் பாதுகாக்காவிட்டால், பழைய முறைக்குத் திரும்பியதில் பயன் இல்லை.

மைசூருக்கு இதில் கிடைத்திருக்கும் வசதி வேறு ஊர்களுக்குக் கிடைப்பது அரிது. உணவு ஆய்வு நிறுவனமும், 1961-இல் பாதுகாப்புத் துறையின் உணவு ஆய்வுக்கூடமாகத் தொடங்கிய நிறுவனமும், பேச்சு, செவித்திறன் நிறுவனமும் பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்டோவில் போகும் தூரத்தில் இருக்கின்றன. இன்று ஒரு வேதியியல் மாணவருக்கு அங்கே ப்ராஜெக்ட் கிடைப்பது, பேராசிரியருக்கு யாரைத் தெரியும் என்பதையும், அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதில் வந்ததா என்பதையும் பொறுத்திருக்கிறது. தெரிந்தவர் இல்லாத மாணவர், அதாவது இந்த வாய்ப்பு அதிகம் தேவைப்படும் மாணவர், வெளியே நின்றுவிடுகிறார். ஆண்டுக்கு இத்தனை இடம் என்று நிறுவனங்களும் பல்கலைக்கழகமும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, தரவரிசைப்படி ஒதுக்கினால் போதும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். அங்கே இருக்கும் விஞ்ஞானிகளும் வாரத்தில் ஒரு வகுப்பாவது மானசகங்கோத்ரிக்கு வந்து எடுக்க வேண்டும், அதை அவர்களுடைய பணியாகவே கணக்கிட வேண்டும்.

மதிப்பீடும் மாற வேண்டும். இப்போதைய வைவாவில் பெரும்பாலும் முடிவு என்ன, அட்டவணை எங்கே, மேற்கோள் பட்டியல் சரியா என்று கேட்கிறார்கள். எதிர்பார்த்த விடை வராத ப்ராஜெக்டுக்கு மதிப்பெண் குறைகிறது. அதனால் வராத விடையை வந்ததாக எழுதும் பழக்கம் இங்கேயே தொடங்குகிறது. முதலில் எதை எதிர்பார்த்தாய், எது நடக்கவில்லை, ஏன் என்று நினைக்கிறாய், இன்னும் மூன்று மாதம் கொடுத்தால் என்ன செய்வாய் என்ற கேள்விகளுக்குப் பாதி மதிப்பெண் ஒதுக்கலாம். வாங்கிய ப்ராஜெக்டோடு வந்தவர் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவார். தோற்ற சோதனைகளின் குறிப்புகளும் துறை நூலகத்தில் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு வரும் மாணவர் அதே சுவரில் மறுபடி முட்டாமல், அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.